வலிக்காத கால்

உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

யோசிக்காதீர்கள், ஞாபகம் வராது. முகத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறோம். உள்ளங்கையை ஜோசியரிடமாவது நீட்டுகிறோம். உள்ளங்கால்தான் பாவம். அறுபது எழுபது கிலோவை நாள் பூராவும் சுமந்துகொண்டு, செருப்பின் மேல் குப்புறப் படுத்தே காலத்தை ஓட்டுகிறது. முள் குத்தினால்தான் அப்படி ஒன்று நமக்கு இருப்பதே தெரியும். உடனே காலைத் தூக்கித் தொடை மேல் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி, ஊக்கால் நோண்டி, முள் வெளியே வந்த பிறகுதான் மறுவேலை.

சரி, முள் குத்தியும் வலிக்கவில்லை என்றால்?

இந்த வாரம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

என் பெரியப்பாவுக்கு முடிச்சூரில் சொந்த வீடு. தாம்பரம் ரயில்வே கார்ஷெட்டில் மின்சார ரயில்களைப் பழுது பார்த்தே முப்பது வருஷத்தைக் கழித்து ரிடையர் ஆனவர். சர்க்கரையும் அப்போதே ஏறக்குறைய இருபது வருஷம். "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்குடா" என்பார், மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரரைப் பற்றிச் சொல்வது போல. மாத்திரையும் போடுவார். கல்யாண வீட்டு ஜாங்கிரியையும் விடமாட்டார்.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. பஸ் போன ரோட்டில் படகு போனது. பெரியப்பா சும்மா இருக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். எதிர்வீட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்தார். காஸ் சிலிண்டரைக் காப்பாற்றினார். வீட்டுப் பத்திரத்தைப் பரண் மேல் ஏற்றினார். செருப்பு முதல் நாளே அடித்துக்கொண்டு போய்விட்டதால், மூன்று நாளும் வெறுங்கால்தான்.

தண்ணீர் வடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டுக்குள் ஒரு நாற்றம். "எங்கியோ எலி செத்துக் கெடக்கு" என்று பெரியம்மா பீரோவை நகர்த்தச் சொன்னார். வெள்ளம் வந்து போன வீடு, எலி சாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பரண், கட்டிலுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா மொசைக் தரையைக் கவனித்தார். பாத்ரூமிலிருந்து ஹாலுக்கு வரிசையாக ஈரக் கால்தடம். வலது கால் பதிந்த இடத்தில் மட்டும், ஒவ்வொரு தடத்திலும் பழுப்பாக ஒரு கறை.

காலைத் தூக்கிப் பார்த்தால், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. விரல் கறுத்துப் போயிருந்தது. புறங்கால் வீங்கிச் சிவந்து, கணுக்கால் வரைக்கும் தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை: "வலிக்கவே இல்லையேடா!"

ஏதோ கூடவே இருந்த சிநேகிதன் காட்டிக் கொடுத்துவிட்ட மாதிரி அதைச் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஆப்பிள் பையோடு வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "படிச்ச மனுஷன், இப்படியா அலட்சியமா இருக்கிறது?" மறைப்பானேன், நானும் கேட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு பண்ணிக்கொண்டே இருக்கிறது. அது அலட்சியம்தானா? தன் காலில் ஓட்டை விழுந்தது தெரியாமல் பத்து நாள் அதன் மேலேயே நடந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

*

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஜாஸ்தியாகவே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. பெரும்பாலும் நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. கீழ் முதுகிலிருந்து கால்விரல் நுனி வரை போகிற நரம்புகள்தான் நீளமானவை என்பதால் விரலில் ஆரம்பித்து மேலே ஏறும். முதலில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி ஒரு உணர்ச்சி. அப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த 'ஒன்றுமில்லை'யைத்தான் நம்மில் பல பேர் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கூடவே வியர்வையைக் கவனிக்கிற நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சின்னத் தசைகள் சூம்பி விரல் மடங்குகிறது, எலும்பு துருத்துகிறது. துருத்திய இடத்தில் காலாணி. காலுக்கு வருகிற ரத்தக் குழாயிலும் அடைப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புண் ஆறுவதற்கான சரக்கு வந்து சேராது, கிருமிக்கு மட்டும் விருந்து.

மின்சார ரயில் ஓட்டுகிறவர் கையில் ஒரு பிடி உண்டு. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மயங்கி விழுந்தால் பிடி தளரும், தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். டெட்மேன் ஹேண்டில் என்று பெயர். சின்ன வயசில் இதை எனக்கு விளக்கியவரே பெரியப்பாதான். "பழுதானா வண்டி நிக்கணும்டா, ஓடக் கூடாது. அதான் டிசைன்."

உடம்பைப் படைத்தவன் இந்த ஒரு விஷயத்தில் ரயில்வேக்காரர்களிடம் யோசனை கேட்டிருக்கலாம். நம் நரம்பு பழுதானால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. பச்சை எரிகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் ரைட்!

*

இந்தப் பச்சை விளக்கின் பொய்யைக் கண்டுபிடித்த கதை, நம் தாம்பரத்துக்குப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் இருக்கிற மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்தக் காலத்தில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை என்று பெயர். 1940-களின் கடைசியில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே இருந்தபோது, வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரு இளம் சர்ஜன் பார்க்க வந்தார். பெயர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். கொல்லிமலையில் வளர்ந்து, லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூருக்கு வந்தவர்.

தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல்கள் தானாக உதிரும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. செங்கல்பட்டில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்த பிராண்ட், "என் கையை அமுக்கு, பார்க்கலாம்" என்றார். அவன் அமுக்கிய அமுக்கில் சர்ஜனுக்கு உயிர் போனது. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருந்தது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கைக்குள் நல்ல தசை உயிரோடு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தசைநாரை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்கள் அதன் பிறகுதான் வேலூரில் நடந்தன.

விரல் போவது எப்படி என்ற கேள்வி பாக்கி இருந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. தொழுநோய் வந்த ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு. பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வலித்திருந்தால் பாதித் திருகலிலேயே விட்டிருப்பான். இன்னும் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரலில் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. ஒரு இரவு காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து கடிக்கிறது, ஆள் அசையாமல் தூங்குகிறான். அதற்கு வைத்தியமாக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்!

பிராண்ட் கண்டுகொண்டது இதுதான்: நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை. வலியை எடுத்துவிட்டுப் போகிறது. மிச்ச வேலையை பூட்டும் அடுப்பும் ஆணியும் எலியும் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சதைக்கு ஆறுகிற சக்தி இருக்கிறது. காலைக் கட்டுப்போட்டு, பாரம் ஏறாமல் விட்டால் வருஷக்கணக்கில் ஆறாத புண்ணும் ஆறியது. 1966-ல் அவர் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களும் அதே கதையைச் சொன்னது தெரிய வந்தது. தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம் சர்க்கரைக்காரர் காலுக்கு வந்து சேர்ந்தது. இன்று சர்க்கரைப் புண்ணுக்கு உலகம் முழுக்கப் போடுகிற பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டுக்கும், எம்.சி.ஆர். ரப்பர் செருப்புக்கும் பின்னால் இந்த வேலூர்ப் பாடம் இருக்கிறது.

நம் கேள்விக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கார்வில்லில் பிராண்ட் குழுவினர் செயற்கை வலி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கையுறையிலும் சாக்ஸிலும் அழுத்தத்தை அளக்கிற கருவி. அழுத்தம் அதிகமானால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். சரி, சத்தம் போதாது என்று உணர்ச்சி பாக்கியிருந்த அக்குளில் ஷாக் அடிக்கிற மாதிரி வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? கஷ்டமான வேலை வந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். இத்தனைக்கும் எல்லாம் புத்திசாலிகள், விஷயம் தெரிந்தவர்கள், தங்கள் விரல் போவதைத் தாங்களே பார்த்தவர்கள். கடைசியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இது எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. வலிக்கு இருக்கிற மரியாதை அது தகவல் சொல்வதால் வருவதில்லை. அதை அணைக்க ஸ்விட்ச் இல்லாததால் வருகிறது. அணைக்க முடிகிற எச்சரிக்கையை மனுஷன் அணைத்துவிடுவான். "ஜாக்கிரதையா இருங்க பெரியப்பா" என்று நாம் சொன்னதெல்லாம் காதில் கேட்கிற அந்தச் சத்தம் மாதிரிதான்.

ஆகவே அவர் குற்றவாளி இல்லை. அதற்காக, "விதி, யார் என்ன பண்ண முடியும்?" என்று கையைக் கழுவவும் முடியாது. குத்தியது தெரியாமல் போனதில் தப்பில்லை. இந்தக் கால் வலிக்காது என்று தெரிந்த பிறகும் வலிக்காகக் காத்திருப்பதுதான் தப்பு. அந்தத் தப்பை அவர் ஒருத்தர் மட்டும் செய்யவில்லை.

*

ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். ராத்திரி எட்டு மணிக்கு சர்ஜன் வந்தார். பாதத்துக்குள் சீழ், தசைநார் போகிற வழியாகவே மேலே ஏறும், மணிக்கணக்கில் ஏறும், நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது என்றார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவது. இன்னொன்று, காலைத் திறந்து சீழை வெளியேற்றி, செத்த சதையையும் செத்த விரலையும் மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பது. "மூணு நாலு ஆபரேஷன் ஆகலாம், மாசக்கணக்கில் ஆகும், உத்தரவாதம் கிடையாது."

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பெரியம்மாவின் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைத் தொட்டது. பெரியப்பா நிதானமாகச் சொன்னார்: "எடுத்துடுங்க டாக்டர். எதுக்குச் செலவு?"

பழைய ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்வது போல இருந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கால் வலிச்சிருந்தா இப்படிச் சொல்வீங்களா சார்?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை.

"வலி போனதும் அது உங்க கால் இல்லைன்னு ஆயிடுச்சு. நிறைய பேர் இப்படித்தான் சொல்றாங்க. யாரோ ஒருத்தர் காலை எடுக்கச் சம்மதம் தர்ற மாதிரி."

பி.காம். படித்த எனக்கு உடனே புரிந்தது. வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்து, ஒரு மெஷினின் புத்தக மதிப்பு பூஜ்யமாகிவிடும். ஏட்டில்தான் பூஜ்யம். ஃபேக்டரியில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பா ஏட்டைப் பார்த்துவிட்டுக் காலை ஸ்கிராப்புக்குப் போடச் சொல்கிறார். இது என்னுடையது என்று நாம் சொல்வதெல்லாம் எதை வைத்து? வலித்தால்தான் என்னுடையதா?

அதே சமயம், காலைக் காப்பாற்றுவதே எப்போதும் தர்மம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்த டாக்டரும் சொல்லவில்லை. "முக்கியம் கால் இல்லை சார், உயிர். அதுக்கப்புறம் நடை" என்றார். ரத்த ஓட்டமே செத்துப்போன காலை, முழு உடம்போடு போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதத்தில் வைத்துக்கொண்டிருந்து, விஷம் ரத்தத்தில் ஏறிப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. காலத்தில் எடுத்துவிட்டு, செயற்கைக் கால் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. படுக்கையில் ஒரு வருஷம் கிடந்து காப்பாற்றிய கால், நடக்கவே உதவாமல் போவதும் உண்டு. இன்னொரு பக்கம், பெரிய அளவில் காலை இழந்த சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கால் போனது மட்டும் காரணம் இல்லை, காலை அடைத்த அதே நோய் இருதயத்தையும் அடைத்திருக்கும். இரண்டு தட்டிலும் கனம் இருக்கிற தராசு இது. கோஷம் போட்டு முடிவு பண்ண முடியாது.

பெரியப்பா விஷயத்தில் தராசைச் சாய்த்தது ஒரு சத்தம். டாப்ளர் கருவியைக் கணுக்காலில் வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், தூரத்தில், பலவீனமாக. "ரத்தம் வருது, முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டர். அன்று ராத்திரியே தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். இரண்டு விரல் போனது. கால் நின்றது.

*

காலைக் காப்பாற்றிய ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். காப்பாற்றிய கால் ஆறுவதற்கு நாலரை மாசம். நாம் முதல் பாதியைத்தான் கதையாகச் சொல்கிறோம். இரண்டாம் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் அதிர்ச்சி, புண்ணுக்குத் தையலே போடவில்லை. திறந்தே விட்டார்கள். மேலே மூடினால் உள்ளே கிருமி குடித்தனம் நடத்தும். அடியிலிருந்துதான் ஆறி மேலே வர வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். முட்டிக்குக் கீழே ரத்தக் குழாயில் இருந்த ஒரு அடைப்பை பலூன் விட்டுத் திறந்தார்கள். பிறகு புண் மேல் ஸ்பாஞ்ச் வைத்து, பிளாஸ்டிக்கால் ஒட்டி, ஒரு சின்ன மெஷினோடு இணைத்தார்கள். அது ராப்பகலாக உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நர்ஸம்மா கட்டைப் பிரித்து, "வந்து பாருங்க" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். குழியின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவப்புச் சிவப்பாகப் புதுச் சதை. பெரியம்மா கும்பிட்டார். அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

இதிலெல்லாம் பெரியப்பா செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. அவரால் முடியாதது அது ஒன்றுதான்! மூன்று நாள் வெள்ளத்தில் இறங்கியவருக்கு தைரியம் பஞ்சமில்லை. சும்மா இருக்கத்தான் வரவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரமே, பேப்பர் எடுக்க கேட் வரை நடந்து போனார். "நாலு அடிதானேடா, வலிக்கவே இல்லை" என்றார். மறுபடியும் அதே வசனம். புண்ணில் ரத்தம்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2003-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கழற்றி மாட்டுகிற பாதுகாப்பு பூட்ஸ் கொடுக்கப்பட்ட நோயாளிகளுக்கே தெரியாமல் அடிகளை எண்ணினார்கள். அவர்கள் நடந்த நடையில் 28 சதவிகிதம்தான் பூட்ஸோடு. மிச்சமெல்லாம் 'நாலு அடிதானே.' அதனால்தான் உள்ளங்கால் புண்ணுக்குக் கழற்ற முடியாத கட்டையே முதலில் போடச் சொல்கிறார்கள். பிராண்டின் ஸ்விட்ச் கதைதான் மறுபடியும். பெரியப்பாவுக்கும் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். புண் ஆறியது.

நல்லொழுக்கம் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் தியாகம், வீரம் போன்ற பெரிய சமாச்சாரங்கள். தினமும் ஒரே வேலையை, அது தேவை என்று உடம்பு ஒரு தடவை கூடச் சொல்லாத நிலையிலும், சலிக்காமல் செய்வதற்கு நம்மிடம் ஒரு நல்ல பெயர் கூட இல்லை.

*

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓட்டைக்கு அடியில் ஒரு காலாணி இருந்தது, அது வெள்ளத்துக்கு ரொம்ப நாள் முந்தியே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 10. புதுச்சட்டை போட்டுக்கொண்டு முடிச்சூர் போய், வழக்கம் போல பெரியப்பா காலில் விழுந்து கும்பிட்டேன். என் நெற்றிக்கும் அந்தக் காலாணிக்கும் நடுவில் நாலு அங்குலம் இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பாதத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர் வேறு உண்டா? திருவடி என்கிறோம். பாதபூஜை செய்கிறோம். பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து ராஜ்யமே நடத்தினான் பரதன். கும்பிட ஆயிரம் பேர் இருக்கிறோம். திருப்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளம் வடிந்த அடுத்த வாரமும் போனேன். பிரெட்டும் பிளீச்சிங் பவுடரும் வாங்கிக் கொடுத்தேன். "எல்லாம் சரியா பெரியப்பா?" என்று கேட்டேன். "எனக்கென்னடா, நல்லா இருக்கேன்" என்றார். நம்பினேன், கிளம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவரிடம் கேட்டதுதான் தப்பு. பார்த்திருக்க வேண்டும்.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் எத்தனை வீட்டில் வயசானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. ராத்திரி போனில் "நல்லா இருக்கோம்ப்பா" என்ற பதில் வந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். புகார் வராததை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்கிறோம். புகார் வந்தால்தான் கணக்குப் பார்ப்பேன் என்கிற ஆடிட்டரை எந்தக் கம்பெனியாவது வைத்துக்கொள்ளுமா?

இது ஒரு வீட்டுக் கதையில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10.1 கோடி. உலகத்தில் 30 நொடிக்கு ஒரு கால் சர்க்கரையால் போகிறது என்று லான்செட் பத்திரிகை 2005-லேயே அட்டையில் போட்டது. பெரும்பாலும் ஆரம்பம் என்னவோ ஒரு சின்னப் புண்தான். செருப்பு கடித்தது, வெந்நீரில் கால் வைத்தது, பிளேடால் காலாணியைச் செதுக்கியது, சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றியது.

ஆறினாலும் கதை முடியவில்லை. ஆறிய புண்களில் 40 சதவிகிதம் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருகிறது, ஐந்து வருஷத்தில் 65 சதவிகிதம் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். பெரியப்பாவுக்கும் வந்தது. 2017-ல் புதுச் செருப்பின் வார் உரசி ஒரு கொப்புளம். காலையில் வந்ததை ராத்திரியே பெரியம்மா பார்த்துவிட்டார். பன்னிரண்டு நாளில், கத்தி இல்லாமல், கட்டிலேயே ஆறிவிட்டது.

எப்படிப் பார்த்தார் என்கிறீர்களா? கார்ஷெட்டில் மின்சார ரயிலைப் பள்ளத்தின் மேல் கொண்டு வந்து நிறுத்துவார்களாம். ஆட்கள் பள்ளத்துக்குள் இறங்கி அண்ணாந்து, வண்டியின் அடிவயிற்றை ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்பார்கள். "டிரைவர் கம்ப்ளெயின்ட் எழுதினாலும் எழுதாட்டியும் பார்க்கணும்டா. ஓடுற வண்டியைத்தான் பார்க்கணும்" என்பார் பெரியப்பா. முப்பது வருஷம் ரயிலுக்குச் செய்ததைத் தன் காலுக்குச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்ற இரண்டு விரல் செலவானது. அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு, சீரியல் முடிந்ததும், இன்ஸ்பெக்‌ஷன். சோபாவில் காலை நீட்டிக்கொள்வார். பெரியம்மா டார்ச் அடித்து உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பார். செருப்புக்குள் கையை விட்டுத் துழாவுவார். இரண்டு நிமிஷம். தனியாக இருப்பவர்களுக்கு ஒரு கைக்கண்ணாடி போதும்.

2018-ல் பெரியம்மாவுக்கும் சர்க்கரை வந்தது. முதல் நாள் ராத்திரி பெரியப்பா டார்ச்சை வாங்கிக்கொண்டு, "நீ காலை நீட்டு" என்றார். "ஐயோ, என்ன இது, விடுங்க, பாவம்!" என்று பெரியம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் புருஷன் தன் காலைத் தொட்டதே இல்லை. பெரியப்பா விடவில்லை. பாதத்தை மடியில் எடுத்து வைத்து, மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, கார்ஷெட் ஆள் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் காலைத் திருப்பிப் பாருங்கள். கூச்சப்பட்டு இழுத்துக்கொள்வார்கள். "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்பார்கள்.

விடாதீர்கள்.